முதலில் நோயாளி, பிறகு கட்டடம்

2005 செப்டம்பரில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரில், மிசிசிப்பி ஆற்றோரம் ஒரு ஃபின்லாந்துக் கப்பல் வந்து நின்றது. ஃபின்ஜெட் என்று பெயர். பால்டிக் கடலில் பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த கப்பல். இங்கே அதற்குள் குடியேறியவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. வெள்ளத்தில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸிலிருந்து வெளியேறிய லூசியானா அரசுப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள், அவர்களுடைய குடும்பத்தார். இரவில் கப்பலில் படுக்கை, பகலில் ஊருக்குள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வகுப்பு. கத்ரினா புயல் கரையைக் கடந்தது ஆகஸ்ட் 29ஆம் தேதி. செப்டம்பர் முடிவதற்குள் பாடம் தொடங்கிவிட்டது.

நகரத்தின் இன்னொரு மருத்துவக் கல்லூரியான டுலேன், பக்கத்து மாநிலமான டெக்சாஸுக்கே பெயர்ந்தது. ஹூஸ்டனில் இருக்கும் பேய்லர் மருத்துவக் கல்லூரி இடம் கொடுத்தது.

மாணவர்களை இப்படி ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்விடலாம். புத்தகம், பலகை, ஆசிரியர் மூன்றும் இருந்தால் வகுப்பு நடக்கும். ஆனால் குடும்ப மருத்துவத்தில் மேற்பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களை அப்படிப் பெயர்த்து நட முடியாது. ஏன் முடியாது, பிறகு எப்படி முடிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். லூசியானாவில் 2008 ஜூலையில் அப்படி ஒரு பயிற்சியில் சேர்ந்தவள் நான். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, என் ஆசிரியர்கள் சிலர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

கோவில்பட்டியில் இருந்த அம்மாவிடம் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது, “என்ன ஸ்பெஷலிஸ்ட்டுடி ஆகப்போற?” என்று கேட்டாள்.

“குடும்ப டாக்டர்ம்மா.”

“நம்ம தெருமுக்கு டாக்டர் மாதிரியா? அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்?”

அம்மாவின் கேள்வியில் தப்பில்லை. நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து பலகை மாட்டினால் அவர் தெருமுக்கு டாக்டர். கைராசி இருந்தால் கூட்டம் வரும். அமெரிக்காவில் 1969இல் குடும்ப மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்தார்கள். எம்.டி. பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு ரெசிடென்சி. குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்குப் பரிசோதனை, பிரசவம், சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு, சாகும் தறுவாயில் இருக்கும் தாத்தாவுக்கு வலி நிவாரணம் எல்லாமே அந்த மூன்று ஆண்டுக்குள் வரும். இந்தியாவிலும் டி.என்.பி. படிப்பாக இது உண்டு. இடங்கள் குறைவு, கேள்விப்பட்டவர்கள் அதைவிடக் குறைவு.

பிற துறைகளில் பயிற்சி பெறுபவருக்கு வார்டுதான் பள்ளிக்கூடம். குடும்ப மருத்துவத்தில் அப்படியில்லை. சேர்ந்த முதல் மாதமே ஒரு கிளினிக்கில் நமக்கென்று ஒரு நோயாளிப் பட்டியல் கொடுத்துவிடுவார்கள். சில நூறு பேர். மூன்று ஆண்டுக்கு அவர்கள் நம் பொறுப்பு. மற்ற நாட்களில் பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, அவசரப் பிரிவு என்று எங்கே சுற்றினாலும் வாரத்தில் சில அரைநாள் அந்தக் கிளினிக்குக்குத் திரும்பி வந்து அதே ஆட்களைப் பார்க்க வேண்டும். நான் பயின்ற காலத்தில் மூன்று ஆண்டில் 1,650 முறை கிளினிக்கில் நோயாளி பார்த்திருக்க வேண்டும் என்பது பயிற்சிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் விதி. 2023இலிருந்து எண்ணிக்கையை விட்டுவிட்டு 1,000 மணி நேரம் என்று மாற்றியிருக்கிறார்கள். ஒரு மனிதரின் ரத்த அழுத்தத்தை மூன்று ஆண்டு பின்தொடர்ந்தால் தெரிவது, முந்நூறு பேரை ஒரே ஒரு தடவை பார்த்தால் தெரியாது. இதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி.

இப்போது அந்த நோயாளிகளைப் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸில் கரைகள் உடைந்து நகரத்தில் 80 சதவீதம் நீருக்குள் போனது. ஜனங்கள் ஹூஸ்டன், அட்லாண்டா, மெம்ஃபிஸ் என்று சிதறினார்கள். பட்டியலில் இருந்த சில நூறு பேர் எங்கே என்றே தெரியாது. கிளினிக் கட்டடம் உலர்ந்து நின்றாலும் உள்ளே வர ஆள் இல்லை. ஆள் இல்லாமல் குடும்ப மருத்துவருக்குப் பயிற்சி ஏது?

கட்டடமும் உலர்ந்து நிற்கவில்லை, அது வேறு விஷயம். நகரத்து ஏழைகளின் ஆஸ்பத்திரி சாரிட்டி. 1736இல் ஜான் லூயி என்ற பிரெஞ்சுக் கப்பல் தொழிலாளி எழுதிவைத்த சொத்தில் தொடங்கியது. 1939இல் கட்டிய அதன் 20 மாடிக் கட்டடத்தில் மின்சாரம் போய், உயிர்காக்கும் இயந்திரங்கள் நின்றுபோக, நர்சுகளும் பயிற்சி மருத்துவர்களும் கையால் பை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். கடைசி நோயாளி வெளியேற வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 2 ஆனது. அதன் பிறகு மாநில அரசு சாரிட்டியைத் திறக்கவே இல்லை. ராணுவத்தோடு சேர்ந்து கீழ்த்தளங்களைக் கழுவிச் சுத்தம் செய்து, திறக்கத் தயார் என்று சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். திறந்திருக்கலாமா கூடாதா என்ற சண்டை நான் போய்ச் சேர்ந்தபோதும் ஓயவில்லை. காபி குடிக்க உட்கார்ந்தால் அதே பேச்சு. சாரிட்டியின் ஆட்கள் முதலில் மாநாட்டு மையத்தில் கூடாரம் போட்டும், பிறகு லார்ட் அண்ட் டெய்லர் என்ற பெரிய துணிக்கடை காலி செய்துபோன இடத்திலும் வைத்தியம் பார்த்தார்கள்.

இனிமேல்தான் பணம் வருகிறது. வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது.

அமெரிக்காவில் ரெசிடென்சிக்குப் பெரும்பகுதிப் பணம் தருவது மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீடு. அதைப் பயிற்சியாளர் கையில் தருவதில்லை, கிளினிக்குக்கும் தருவதில்லை. ஆஸ்பத்திரிக்குத் தருகிறது. அங்கே எத்தனை பயிற்சியாளர், எத்தனை மெடிகேர் நோயாளி என்று கணக்குப் பார்த்துத் தருகிறது. அதோடு 1997இல் வந்த ஒரு சட்டம், ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் 1996இல் எத்தனை பயிற்சியாளர் இருந்தார்களோ அதுதான் உச்சவரம்பு என்று பூட்டுப் போட்டுவிட்டது.

ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தால் மெடிகேர் நோயாளி பூஜ்யம். நோயாளி பூஜ்யம் என்றால் பணமும் பூஜ்யம். அந்த இடங்களின் உரிமையோ மூடிக் கிடக்கும் ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்கிறது. பேட்டன் ரூஜிலோ லஃபாயெட்டிலோ ஒரு நல்ல மனது படைத்த ஆஸ்பத்திரி, “உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள், நாங்கள் பயிற்சி தருகிறோம்” என்று சொன்னால் அதற்கு ஏற்கெனவே உச்சவரம்பு நிரம்பியிருக்கும். கூடுதலாக வரும் பயிற்சியாளருக்கு ஒரு டாலர்கூட வராது. ரேஷன் கார்டு ஒரு கடையில், ஆள் வேறு ஊரில் என்றால் என்ன ஆகும்? அதேதான்.

2006 ஏப்ரலில் மெடிகேர் நிர்வாகம் ஓர் அவசர விதி கொண்டுவந்தது. பேரிடர் பகுதி ஆஸ்பத்திரிகள் தங்கள் இடங்களைப் பிற ஆஸ்பத்திரிகளுக்குத் தற்காலிகமாக இரவல் தரலாம். புயல் அடித்த நாளிலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டு வந்தது அந்த விதி. ஏழு மாதத்துக்கு மேல் யார் கையிலிருந்து சம்பளம் போனது, எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பும் கத்ரினாவுக்குப் பிறகுதான் பேரிடர்க்கால நடைமுறை ஒன்றை எழுதி வைத்தது. பயிற்சியைத் தொடர முடியாது என்றால் பயிற்சியாளரை வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும், அதைச் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டால் இன்னொரு சங்கடம். குடும்ப மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தாங்கள் பயிற்சி பெற்ற இடத்திலிருந்து 100 மைலுக்குள்ளேயே தொழில் செய்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஹூஸ்டனுக்குப் போனவர் ஹூஸ்டனில் கல்யாணம் செய்து, ஹூஸ்டனில் வீடு வாங்குவார். ஒரு வருடப் பயிற்சியாளர்களை இழப்பது பத்து வருடத்துக்கு மருத்துவர்களை இழப்பது. பெரியவர்கள் பதறியதற்குக் காரணம் அதுதான்.

நான் பார்த்த முதல் நோயாளிகளில் ஒருவர், எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பாட்டி. அந்த ஊர் வழக்கப்படி என்னை “பேபி” என்றுதான் கூப்பிடுவார். “பேபி, என் ஃபைல் சாரிட்டியில இருந்துச்சு. தண்ணியோட போயிடுச்சு” என்றார். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்றால் “காலையில வெள்ளை, ராத்திரி சின்ன நீலம்” என்றார். கோவில்பட்டியில் என் பெரியம்மா சொல்வதும் இதேதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. பிறகு இருவரும் சேர்ந்து அவருடைய முப்பது வருட உடம்பை ஞாபகத்திலிருந்து எழுதினோம். எந்தப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள், எந்த மாத்திரை இருமல் கொடுத்தது, அக்காவுக்கு எந்த வயதில் பக்கவாதம் வந்தது.

சாரிட்டியின் காகிதங்கள் போனது போல முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியின் ஆவணங்கள் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரியும் மூழ்கித்தான் மூடியது. ஆனால் ஆவணங்கள் கணினியில் இருந்ததால் சில நாளில் ஹூஸ்டனில் அவற்றை உயிர்ப்பித்துவிட்டார்கள். எந்த ஊருக்கு ஓடிய படைவீரரும் அங்குள்ள படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரைச் சொன்னால் மருந்துப் பட்டியல் வந்துவிடும். நாடு முழுக்க மின்னணு ஆவணத்துக்கு மாற வேண்டும் என்று வாதாடியவர்கள் பிறகு எல்லா மேடையிலும் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள்.

புயல் தந்த நோய் புயலோடு போகவில்லை. டுலேன் மருத்துவர்கள் தங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்தபோது, கத்ரினாவுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டில் சேர்ந்தவர்களில் மாரடைப்போடு வந்தவர்களின் பங்கு முன்பைவிட மூன்று மடங்காக இருந்தது. வேலை போனவர்கள், காப்பீடு போனவர்கள், மருந்தை விட்டவர்கள், புகைக்கு மீண்டும் போனவர்கள். அந்தக் கூட்டத்துக்குத் தேவைப்பட்டது இதய அறுவைச் சிகிச்சை அரங்கு மட்டுமல்ல. மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து, “திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் சோற்றில் போடும் அந்தப் பன்றி சாசேஜை மட்டும் கொஞ்சம் குறைங்க” என்று சண்டை போட ஓர் ஆள். அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். அதில் கைவைக்கச் சொல்லும் டாக்டருக்கு முதலில் உரிமை வேண்டும். உரிமை முதல் சந்திப்பில் கிடைக்காது.

நல்ல விஷயம் ஒன்று 2007இல் நடந்தது. மத்திய அரசு 10 கோடி டாலர் ஒதுக்கியது, மூன்று ஆண்டுக்கு, நியூ ஆர்லியன்ஸையும் சுற்றியுள்ள வட்டாரங்களையும் சேர்ந்த 25 அமைப்புகளுக்கு. நிபந்தனை ஒன்றுதான் முக்கியம். பணம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அல்ல, தெருவில் இருக்கும் முதல்நிலைக் கிளினிக்குகளுக்கு. காப்பீடு இருக்கிறதா என்று கேட்காமல் பார்க்க வேண்டும். நகரின் கிழக்கே வியட்நாமிய மக்கள் வாழும் பகுதியில் 2008இல் ஒரு கிளினிக் பிறந்தது. தேவாலயத்தைச் சுற்றி ஒன்றுகூடி, நகரம் திரும்ப அழைப்பதற்கு முன்பே ஊர் திரும்பியவர்கள் அவர்கள். பள்ளிக்கூடங்களில், தற்காலிகக் கொட்டகைகளில், பழைய கடைகளில் எல்லாம் கிளினிக்குகள் முளைத்தன. பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்த பழக்கம் போய், வீட்டுக்குப் பக்கத்தில் “என் டாக்டர்” என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் வந்தது. நோயாளிப் பட்டியல் என்று ஒன்று மறுபடி உருவானது. பட்டியல் வந்ததும் பயிற்சி தொடர ஒரு தரை கிடைத்தது.

அந்தத் தரை எவ்வளவு உறுதி என்று பார்க்க எனக்கு இரண்டு மாதம்கூடக் கிடைக்கவில்லை. 2008 ஆகஸ்ட் கடைசியில் குஸ்தாவ் புயல் வந்தது. 31ஆம் தேதி நகரைக் காலி செய்ய உத்தரவு. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்தையும் வெளியேறும் திசைக்கே திருப்பிவிட்டார்கள். எங்கள் தலைமை ஆசிரியை புதிய பயிற்சியாளர்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அவரவர் பட்டியலில் யார் இன்சுலின், யார் ஆக்சிஜன் சிலிண்டர், யார் டயாலிசிஸ், யாரிடம் கார் இல்லை. “கூப்பிடுங்க. மருந்து எத்தனை நாளுக்கு இருக்குன்னு கேளுங்க. எங்கே போறாங்கன்னு எழுதிக்கோங்க” என்றார். நான் அன்று தொலைபேசியில் பேசியவர்களில் பலர் அதுவரை என் முகம் பார்த்திராதவர்கள். என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியவில்லை, அவர்களுடையது எனக்கு. ஆனாலும் அந்த ஒரே பிற்பகலில் நான் அவர்களுடைய டாக்டர் ஆகிவிட்டேன். (குஸ்தாவ் கடைசியில் நியூ ஆர்லியன்ஸை விட்டுவிட்டு, பலரும் தஞ்சம் தேடிப்போன பேட்டன் ரூஜைப் போட்டுப் புரட்டியது. அந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவை உணர்வுக்குக் காரணம் புரிந்தது.)

பழையதை மீட்டதோடு நிற்காமல் பயிற்சி இடங்கள் பெருகவும் செய்தன. உச்சவரம்பு இருக்கும்போது எப்படிப் பெருகும் என்று கேட்பீர்கள். சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. இதுவரை பயிற்சியாளரையே ஏற்காத ஆஸ்பத்திரிக்கு உச்சவரம்பு கிடையாது. அது புதிதாகப் பயிற்சி தொடங்கினால், தன் எண்ணிக்கையை வளர்த்துக்கொள்ள முன்பு மூன்று ஆண்டு அவகாசம், 2012இலிருந்து ஐந்து ஆண்டு. அதற்குப் பிறகுதான் பூட்டு. எனவே விரிவாக்கம் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளைவிடச் சின்ன ஊர்களுக்கே எளிது.

லூசியானாவில் அப்படி ஓர் ஊர் பொகலூசா. பைன் மரமும் காகித ஆலையும்தான் ஊர். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வடக்கே சுமார் 70 மைல். 1973இல் தொடங்கிய புகழ்பெற்ற இதய ஆய்வு ஒன்றுக்கு அங்குள்ள குழந்தைகள்தான் ஆதாரம். இதய நோயின் வேர் குழந்தைப் பருவத்திலேயே இருக்கிறது என்று உலகத்துக்கு உரக்கச் சொன்ன ஆய்வு அது. அந்த ஊரில் இன்று அரசுப் பல்கலைக்கழகம் கிராமப்புறக் குடும்ப மருத்துவ ரெசிடென்சி நடத்துகிறது. 100 மைல் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். மருத்துவர் வேண்டிய இடத்திலேயே மருத்துவரை வளர்க்கிற வேலை.

இந்தக் கதவிலும் ஒரு கண்ணி இருந்தது. ஏதோ ஒரு வருடம் உதவியாக ஓரிரு பயிற்சியாளரைச் சில வாரங்களுக்கு ஏற்றுக்கொண்ட சின்ன ஆஸ்பத்திரிகள், தாங்கள் அறியாமலேயே ஒன்று, இரண்டு என்ற அளவில் நிரந்தர உச்சவரம்பில் மாட்டிக்கொண்டன. 2020 இறுதியில் வந்த சட்டம்தான் அவற்றை விடுவித்தது. அதே சட்டம் நாடு முழுக்க 1,000 புதிய மெடிகேர் இடங்களையும் ஆண்டுக்கு 200 என்ற வீதத்தில் ஒதுக்கியது. கிளினிக்குகளே நேரடியாகப் பணம் பெற்றுப் பயிற்சி தரும் தனித் திட்டம் ஒன்று 2010இலிருந்தே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அந்தப் பணத்தை நாடாளுமன்றம் அவ்வப்போது புதுப்பித்தால்தான் உண்டு. ஆஸ்பத்திரிப் பணத்துக்கு அந்தப் பயம் இல்லை.

கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவில் 2017 அக்டோபரில் பேரிடரில் நோயாளிப் பட்டியலை இழக்கும் அதே பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. டப்ஸ் காட்டுத்தீ ஒரே இரவில் ஊருக்குள் இறங்கியது. இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளைக் காலி செய்தார்கள், கட்டடங்கள் பிழைத்தன. அழிந்தது விஸ்டா என்ற சமூகக் கிளினிக். சுமார் 24,000 பேருக்கு அதுதான் வைத்தியசாலை. அந்த ஊர்க் குடும்ப மருத்துவப் பயிற்சியாளர்கள் தங்கள் பட்டியலை வைத்திருந்ததும் அங்கேதான். மருத்துவர்களில் பலருக்கே வீடு இல்லை. அந்தக் கிளினிக் அமைப்பு தன் மற்ற கிளைகளில் நேரத்தை நீட்டி, ஒரே அறையில் பலர் மாறி மாறி உட்கார்ந்து, விஸ்டாவின் ஆட்களைப் பார்த்தது. பட்டியல் கையைவிட்டுப் போகவில்லை. விஸ்டாவைப் பிறகு அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள்.

நியூ ஆர்லியன்ஸிலும் சாரிட்டிக்குப் பதிலாக 2015 ஆகஸ்டில் புதிய பல்கலைக்கழக மருத்துவ மையம் திறந்தது. 110 கோடி டாலர் செலவு. அழகான ஆஸ்பத்திரி, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே, 2010 செப்டம்பரில், கிளினிக்குகளுக்கான 10 கோடி டாலர் திட்டத்தின் காலம் முடிந்தது. அதன் இடத்தில் வேறு ஏற்பாடு வரும் வரை எங்கள் கிளினிக்கில் மாதக் கணக்கைப் பார்த்தவர்கள் முகத்தில் ரத்தம் இல்லை. 2016 ஜூலையில் மாநிலம் ஏழைகளுக்கான காப்பீட்டை விரிவாக்கிய பிறகே அந்த முகங்கள் தெளிந்தன. அந்த ஆஸ்பத்திரியின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கிளினிக் திட்டம்தான் பட்டியலைக் காப்பாற்றியது, பயிற்சியை மீட்டது. அதைத்தான் ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து, இன்றும் மாறவில்லை.

அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வருடா வருடம் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேர்காணலின் முடிவில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். சம்பளமும் விடுமுறையும் இணையதளத்தில் இருக்கும், அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் கிளினிக் யாருடையது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஒரு பயிற்சியாளர் தன் நோயாளிகளை மூன்று ஆண்டும் தொடர்ந்து பார்க்கிறாரா, புயலோ தீயோ வந்தால் எங்களையும் நோயாளிகளையும் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உங்கள் விருப்பப் பட்டியலில் அதைக் கீழே தள்ளுங்கள்.